அதுகளை யார் துரத்தியது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 7 பிள்ளைகளுக்கு விலங்குகளின் அசைவு பற்றிப் படிப்பித்தோம். நடப்பது, ஊர்வது, நீந்துவது, பறப்பது எல்லாம் முடிந்து, சில பறவைகள் வருடா வருடம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போய் வருவதைச் சொல்ல வந்தபோது, கரும்பலகையில் "பறவைகளின் இடம்பெயர்வு" என்று எழுதிவிட்டோம். வலசை என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு வந்தது இதுதான்.

பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அதுகள ஆரு துரத்தின?" என்று கேட்டான்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நமது ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற ஒரே பொருள் அதுதானே. 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னாரிலிருந்து படகேறி, கற்பிட்டியில் இறங்கி, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வருடக் கணக்காக இருந்த கதையைக் கேட்காமல் இங்கே எந்தப் பிள்ளையும் வளரவில்லை. இதை எழுதுகிற நாமும் அன்று உம்மாவின் இடுப்பில் இருந்து கடல் கடந்த கைப்பிள்ளைதான். பிள்ளையிடம் "ஒருவரும் துரத்தவில்லை மகன், உணவு தேடிப் போகின்றன" என்று சொல்லிப் பாடத்தை முடித்தோம். ஆனால் அந்தப் பதில் போதாது என்பது வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்தது. ஏன் போகின்றன, எங்கே போகின்றன, வழி எப்படித் தெரிகிறது என்பதைக் கண்டுபிடிக்க மனிதருக்கு 2000 வருடங்களுக்கு மேல் எடுத்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், பறவைகள் போகின்றன என்பதே பலருக்குத் தெரியாது. மழைகாலத்தில் ஒரு குருவி வருகிறது, சில மாதங்களில் காணாமல் போகிறது. எங்கே போனது என்று எப்படித் தெரியும்? கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கொக்கு இனங்கள் வடக்கே இருந்து நைல் நதியின் சதுப்பு நிலங்களுக்கு வருவதைச் சரியாகவே எழுதினார். அதே மனிதர், தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் இறகெல்லாம் உதிர்ந்து பொந்துகளில் ஒளிந்து கிடக்கின்றன என்றும் எழுதினார். கோடையில் காணும் ஒருவகைக் குருவி குளிர்காலத்தில் வேறொரு குருவியாக மாறிவிடுகிறது என்றும் சொன்னார். ஒன்று போகும் காலத்தில் மற்றது வந்தால், இரண்டும் ஒன்றே என்று நினைப்பது அவ்வளவு முட்டாள்தனமும் இல்லை.

சுவீடனைச் சேர்ந்த ஒலாவுஸ் மக்னுஸ் என்ற பேராயர் 1555இல் வெளியிட்ட நூலில், உறைந்த ஏரிக்கடியிலிருந்து மீனவர் வலையில் மீனோடு தகைவிலான்களும் வருவதாகப் படமே போட்டிருந்தார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சார்ல்ஸ் மோர்டன் அதற்கும் மேலே போய், பறவைகள் சந்திரனுக்குப் போய் வருகின்றன என்றார். போக 60 நாள் எடுக்கும் என்று கணக்கும் சொன்னார். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் மோர்டன் ஒரு விடயத்தில் சரி: பறவை சேற்றுக்குள் தூங்கவில்லை, எங்கோ தூரம் போகிறது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

நமது பக்கத்து அறிஞர் ஒருவரையும் சொல்லவேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிழ், விலங்குகளைப் பற்றி 7 பாகங்களில் எழுதிய நூலில் புறாக்களுக்கு நீண்ட இடம் கொடுத்திருக்கிறார். தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் புறா வீடு திரும்புவதும், அதற்கு அதைப் பழக்கும் முறையும் அன்றே நன்றாகத் தெரிந்திருந்தது. நமது பெரியவர்களில் புறா வளர்த்தவர்களுக்கும் தெரியும். ஆனால் புறா திரும்புவது தான் வளர்ந்த கூட்டுக்கு. ஒருபோதும் காணாத நாட்டுக்கு ஒரு குஞ்சு வழி தெரிந்து போவது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் கையில் பிடிக்கக்கூடிய சாட்சி 1822இல் வந்தது. ஜேர்மனியின் மெக்லன்பேர்க் பகுதியில் க்ளூட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செங்கால் நாரையைச் சுட்டு விழுத்தினார்கள். அதன் கழுத்தில் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் நீளமான ஓர் ஈட்டி குறுக்கே பாய்ந்திருந்தது. அந்தத் தடி மத்திய ஆபிரிக்காவின் மரம். யாரோ ஓர் ஆபிரிக்க வேடனின் ஈட்டியைக் கழுத்தில் சுமந்துகொண்டு, அந்த நாரை அவ்வளவு தூரமும் பறந்து தன் கூடு இருக்கும் ஊருக்கு வந்திருந்தது. வந்த இடத்தில்தான் செத்தது. ரொஸ்டொக் பல்கலைக்கழகத்தில் அதை ஈட்டியோடு பாடம் செய்து இன்றும் வைத்திருக்கிறார்கள். படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் எல்லா நாரையும் ஈட்டியோடு வராது. எந்தப் பறவை எங்கே போனது என்று தெரிய, ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் வழி வேண்டும். அந்த வழியைச் சீர்படுத்தியவர் பெரிய பேராசிரியர் இல்லை. டென்மார்க்கில் வீபோர்க் என்ற ஊரில் பாடசாலை ஆசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன். ஆசிரிய கலாசாலையில் கல்வி உளவியலாளர்கள் எத்தனை பேரின் பெயரை மனனம் செய்தோம்! வகுப்பு முடிந்த பிறகு கூடுகளைச் சுற்றித் திரிந்து ஒரு விஞ்ஞானத் துறையைத் தொடக்கி வைத்த இந்த ஆசிரியரின் பெயரை அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. இருக்கட்டும்.

அவர் 1890இல் இரண்டு ஸ்டார்லிங் குருவிகளின் காலில் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார். ஸ்டார்லிங் நமது மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை. வளையம் பாரமாகி, குருவிகள் சிரமப்படுவதைக் கண்டு அத்தோடு நிறுத்திவிட்டார். 9 வருடம் பொறுத்திருந்து, பாரம் குறைந்த அலுமினியத்தில் தானே வளையங்களைச் செய்தார். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கமும் ஊரின் பெயரும் பொறித்தார். மரப்பெட்டிக் கூடுகளை மாட்டி, குருவி உள்ளே நுழைந்ததும் கதவு தானாக மூடும்படி அமைத்தார். 1899இல் 165 ஸ்டார்லிங்குகள் வீபோர்க் என்ற பெயரைக் காலில் சுமந்துகொண்டு பறந்தன. பிறகு நாரைகளுக்கும் வாத்துகளுக்கும் போட்டார்.

இதில் நம்மைக் கவர்ந்தது வளையம் அல்ல, அதன் பின்னால் இருந்த நம்பிக்கை. யாரோ ஒரு மீனவனோ விவசாயியோ வேட்டைக்காரனோ, முன்பின் தெரியாத ஓர் ஊருக்கு முத்திரை ஒட்டி ஒரு கடிதம் போடவேண்டும். போடாவிட்டால் அந்தப் பறவை காணாமல் போனது போனதுதான். கடிதங்கள் வந்தன. மற்ற நாடுகளும் பின்பற்றின. பால்டிக் கடற்கரையில் ரொஸிற்றன் என்ற இடத்தில் 1901இல் யொஹான்னஸ் தீன்னமான் பறவை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். சில வருடங்களில், ஐரோப்பாவில் வளையம் போட்ட நாரைகளைப் பற்றிய தகவல் தென்னாபிரிக்காவிலிருந்தே வரத் தொடங்கியது. நாரைகள் மத்தியதரைக் கடலை நேராகக் கடக்காமல், கிழக்கே பொஸ்பரஸ் வழியாகவும் மேற்கே ஜிப்ரால்டர் வழியாகவும் இரண்டாகப் பிரிந்து போவதும் தெளிவாகியது. நாரை பெரிய உடம்புக்காரப் பறவை. சிறகடித்தே போனால் களைத்துவிடும். வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றில் ஏறி, உயரத்திலிருந்து சறுக்கிச் சறுக்கிப் போகும். கடலுக்கு மேல் அப்படிக் காற்று எழுவதில்லை. அதனால்தான் கடல் குறுகிய இடங்களைத் தேடுகிறது.

எங்கே என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பிள்ளை கேட்டது ஏன் என்று.

குளிர்தான் துரத்துகிறது என்று பலரும் நினைத்தார்கள். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோவன் 1920களில் இதைச் சோதித்தார். ஜங்கோ என்ற சின்னக் குருவிகளைத் திறந்த வெளிக் கூண்டில், கடும் பனிக்காலத்தில் அடைத்து வைத்தார். குளிரைக் குறைக்கவே இல்லை. மின்குமிழைப் போட்டு, பகல் நேரத்தை மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். வசந்தகாலம் வந்தது போலக் குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகள் நடுக் குளிரிலேயே வளர்ந்தன. ஆக, பறவை நாளின் நீளத்தைத்தான் அளக்கிறது. பின்னர் ஜேர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர், வெளிச்சமும் வெப்பமும் வருடம் முழுக்க மாறாத அறையில் குருவிகளை வைத்தார். வெளியே என்ன காலம் என்று தெரிய ஒரு வழியும் இல்லை. அப்படியிருந்தும் புறப்படும் பருவம் வந்ததும் அவை இரவெல்லாம் தூங்காமல் சிறகடித்துத் துள்ளின. உடம்புக்குள்ளேயே ஒரு வருட மணிக்கூடு ஓடுகிறது.

பிள்ளைக்கு அன்று சொல்லியிருக்கவேண்டிய பதில் இது. பனி விழுவதற்கு முன்பே, பூச்சியும் தானியமும் நிறைந்திருக்கும்போதே, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு அவை புறப்படுகின்றன. துரத்தப்பட்டவன் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல இல்லை. அப்படியானால் ஏன் எப்போதும் தெற்கிலேயே இருந்துவிடக் கூடாது? வடக்கின் கோடையில் பகல் மிக நீளம். குஞ்சுக்கு இரை தேட அதிக நேரம், அதிக பூச்சி, குறைந்த போட்டி. குஞ்சு பொரிக்க வடக்கே, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே. இரண்டுமே அவற்றின் வீடு.

இனி வழி. 1950ஐ ஒட்டிய வருடங்களில் ஜேர்மனியில் குஸ்தாவ் கிராமர், வலசைப் பருவத்தில் கூண்டில் இருந்த ஸ்டார்லிங்குகள் எந்தத் திசைக்குத் துள்ளுகின்றன என்று கவனித்தார். கண்ணாடிகளை வைத்துச் சூரிய வெளிச்சம் வேறு பக்கமிருந்து வருவதாகக் காட்டினால், பறவைகளும் அந்த அளவுக்குத் திரும்பின. சூரியனையும் உடம்பின் மணிக்கூட்டையும் சேர்த்துத்தான் அவை திசை அறிகின்றன. இந்த மனிதர் 1959இல் இத்தாலியில் காட்டுப்புறாக் குஞ்சுகளுக்காகப் பாறையில் ஏறியபோது விழுந்து இறந்தார்.

இரவில் பறப்பவை? அமெரிக்காவின் ஸ்டீபன் எம்லன், இண்டிகோ பன்டிங் என்ற நீலக் குருவிகளைக் கோள்மண்டலத்துக்குள் கொண்டுபோனார். புனல் போன்ற கூண்டின் அடியில் மை ஒற்றி, சுவரில் மை உறிஞ்சும் தாள். குருவி எந்தப் பக்கம் துள்ளுகிறதோ அந்தப் பக்கத் தாளில் கால் தடம் விழும். செலவில்லாத எளிய ஏற்பாடு. நமது பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். வானத்தையே காணாமல் வளர்ந்த குஞ்சுகளுக்குத் திசை பிடிபடவில்லை. இன்னும் சில குஞ்சுகளுக்கு, வானம் துருவ நட்சத்திரத்துக்குப் பதிலாகத் திருவாதிரையைச் சுற்றிச் சுழல்வதாகக் காட்டி வளர்த்தார். அவை திருவாதிரை இருக்கும் பக்கத்தையே வடக்கு என்று நம்பி நடந்தன. அதாவது, குஞ்சு வளரும் காலத்தில் வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று பார்த்துப் படிக்கிறது. (திருவாதிரையின் ஆங்கிலப் பெயர் பீட்டல்ஜூஸ் அரபியிலிருந்து போனது. யத் என்பதன் யாவை பாவாக வாசித்துவிட்டார்கள். புள்ளி ஒன்று மாறியதால் வந்த வினை! குர்ஆன் மத்ரஸாவில் புள்ளிக்காக அடிவாங்கியவர்களுக்கு இது புரியும்.)

சூரியனும் நட்சத்திரமும் தெரியாத மூடிய அறையிலும் ராபின் குருவிகள் சரியான திசைக்குத் துள்ளுவதை ஜேர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் 1960களில் வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோ காட்டினார். கம்பிச் சுருளால் காந்தப் புலத்தைத் திருப்பினால் குருவிகளும் திரும்பின. பூமியின் காந்தத்தை அவை உணர்கின்றன.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டு போகும்போது, நம்மை நிறுத்திவைத்த பரிசோதனை வேறொன்று. அதைச் செய்தவர் நெதர்லாந்தின் பெர்டெக். முடிவுகளை 1958இல் வெளியிட்டார்.

வட ஐரோப்பாவின் ஸ்டார்லிங்குகள் இலையுதிர் காலத்தில் நெதர்லாந்தின் கரையோரமாகத் தென்மேற்கே பறந்து, இங்கிலாந்தின் தெற்கிலும் பிரான்ஸின் வடக்கிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். பெர்டெக்கும் உடன் இருந்தவர்களும் ஹேக் நகரத்துக்கு அருகே அவற்றைப் பாதி வழியில் பிடித்தார்கள். பல வருடங்களில் மொத்தம் 11,000க்கும் மேல். வளையம் போட்டு, விமானத்தில் ஏற்றி, ஏறக்குறைய 600 கிலோமீற்றர் தென்கிழக்கே சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் விட்டார்கள். விஞ்ஞானத்தில் இந்த வகைப் பரிசோதனைக்குப் பெயரே இடம்பெயர்த்தல் பரிசோதனை. இம்முறை பறவைகள் தாமாகப் போகவில்லை. பிள்ளை கேட்ட கேள்வி இங்கே சரியாகப் பொருந்தும்.

வளையக் கடிதங்கள் வந்து சேர்ந்தபோது பறவைகள் இரண்டு பிரிவாகத் தெரிந்தன. ஏற்கெனவே ஒருமுறையாவது அந்தப் பயணம் போய்வந்த பெரிய பறவைகள், தாம் வேறிடத்தில் இருப்பதை எப்படியோ அறிந்து, ஒருபோதும் பறந்திராத வடமேற்குத் திசைக்குத் திரும்பி, பழைய குளிர்கால இடங்களை நோக்கிப் போயின. அந்த வருடம் பிறந்த இளம் பறவைகள் திரும்பவில்லை. அவற்றின் உடம்புக்குள் இருந்தது "தென்மேற்கே இவ்வளவு தூரம்" என்ற கட்டளை மட்டும். சுவிட்சர்லாந்திலிருந்தும் தென்மேற்கே பறந்தன; பிரான்ஸின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. அடுத்த வருடங்களில், யாரும் தூக்கிக்கொண்டு போகாமலே, தாமாகவே அதே புதிய இடங்களுக்குப் போயின. முதல் குளிர்காலத்தை எங்கே கழித்தனவோ, அதுதான் அவற்றுக்கு இடமாகிவிட்டது.

இந்தப் பகுதியை வாசித்துவிட்டு நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம்.

நமது வீட்டை எடுத்தால், வாப்பாவும் உம்மாவும் பாதை திறந்த முதல் வருடமே வந்து, கூரை இல்லாத வீட்டில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். கிணற்றடியில் நின்ற முருங்கை எந்தப் பக்கம் இருந்தது என்று உம்மா விரலால் காட்டினார். புத்தளத்தில் பிறந்த தம்பி இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவனுடைய கூட்டாளிகள், மைதானம், பெண் எடுத்த வீடு எல்லாம் அங்கே. பெருநாளைக்கு வருவான், மூன்றாம் நாள் "வீட்டுக்குப் போகணும்" என்பான். அந்த "வீடு" என்ற சொல்லுக்கு வாப்பா கோபப்படாத பெருநாள் இல்லை. ஊரில் எத்தனை வீட்டில் இந்தச் சண்டை நடக்கிறது என்று நமக்குத் தெரியும். வராத பிள்ளைகளை நன்றி கெட்டவர்கள் என்று திண்ணையில் பேசுவதையும் கேட்டிருக்கிறோம். நாமும் பேசியிருக்கிறோம்.

பறவையை வைத்து மனிதரை அளப்பது விஞ்ஞானம் ஆகாது. வகுப்பில் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தில் விடப்பட்ட அந்த இளம் பறவைகள் வழிதவறியவை என்று பெர்டெக்கின் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தம்பிக்கு இதைத் தொலைபேசியில் சொன்னோம். "அப்ப வாப்பாட்டச் சொல்லுங்க" என்றான். இன்னும் சொல்லவில்லை.

நமது கரைக்கு வருவோம். வட ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பாதையின் கடைசி நிலம் நமது தீவு. இங்கிருந்து நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் கடல்தான். ஒக்டோபரில் விடியலிலும் மஃரிபுக்கு முன்னும் மரத்தடியில் கூப்பிடும் ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரப் பக்கமிருந்து வருகிறது. களப்பில் சேற்றைக் குத்தும் உள்ளான்கள் இன்னும் வடக்கே, பனிப்பிரதேசத்தில் குஞ்சு பொரித்தவை. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனது செய்மதியில் பதிவாகியிருக்கிறது. நமது மீன்வாடிக்குப் பின்னால் கழிவு மீனுக்குச் சண்டை பிடிக்கும் அதே கடற்காகம்! இதைவிட நீண்ட பயணக்காரரும் உண்டு. 2022இல், பிறந்து 5 மாதமான மூக்கான் ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்தது.

இப்படி வந்து இறங்குகிற பறவைக்குக் கொழுப்பெல்லாம் தீர்ந்து எலும்புதான் மிச்சம். உடனே இரை வேண்டும். களப்பின் ஓரம் மண் போட்டு நிரப்பப்படுவதையும், குப்பை கொட்டப்படுவதையும் எல்லோரும் பார்க்கிறோம். இதைப் பள்ளி நிர்வாகத்திடமும் மீனவர் சங்கத்திடமும் தனியாகப் பேசவிருக்கிறோம், இங்கே நீட்டவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இந்தக் கதையெல்லாம் மீண்டும் சொன்னோம். கரும்பலகையில் இந்த முறை வலசை என்று எழுதினோம். பெர்டெக்கின் பறவைகளைச் சொன்னபோது, "பெரிய குருவிக்கு எப்படி சேர் தெரிஞ்ச, அது வேற இடம் எண்டு?" என்று கேட்டான். அதைத்தான் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றோம். மணத்தைப் பிடித்தா, காந்தப் புலத்தின் வேறுபாட்டை வைத்தா, இரண்டையும் சேர்த்தா என்று வாதம் இன்னும் முடியவில்லை.

கடைசியாக ஒரு உதவி. கரையிலோ களப்பிலோ காலில் உலோக வளையமோ நிறக்கொடி போன்ற சின்னத் தகடோ உள்ள பறவையைக் கண்டால் துரத்தவோ பிடிக்கவோ வேண்டாம். தூர நின்று தொலைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். நிறமும் எழுத்தும் இலக்கமும் தெரிந்தால் போதும். செத்துக் கிடந்தால் வளையத்தை எறியாமல் கொண்டுவந்து தாருங்கள். வலையில் உயிரோடு மாட்டினால் இலக்கத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். கண்ட திகதியும் இடமும் முக்கியம். தரம் 7 பிள்ளைகள் இதற்கு ஒரு கொப்பி போட்டிருக்கிறார்கள், உரிய இடத்துக்கு அனுப்புவது நமது பொறுப்பு. இதுவரை கொப்பியில் நான்கு பதிவு. மூன்று ஆறுமணிக்குருவி, ஒன்று யாரோ கால் கட்டி விட்ட வளர்ப்புப் புறா.